உச்சிப்புளிப் பக்கம் நிலம் வாங்கலாமா?

கேள்வி: ஓய்வு பெற்றதும் மதுரையை விட்டுக் கிளம்பி, உச்சிப்புளிக்கும் பெரியபட்டினத்துக்கும் இடையில் இரண்டு ஏக்கர் வாங்கிக் குடியேற நினைக்கிறோம். ஐம்பது தென்னை, வீட்டுக்குக் காய்கறி, நாலைந்து ஆடு, இதற்கு மேல் ஆசை இல்லை. இடம் தோதுப்படுமா என்று எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: முதலில் கிணற்றைப் பாருங்கள், அதுவும் ஆவணியில். ராமநாதபுரம் மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்கு ஏறக்குறைய 820 மி.மீ. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். தை மாதத்தில் போய்ப் பார்த்தால் எல்லாக் கிணறும் இனிக்கும். (தரகர்கள் அப்போதுதான் வற்புறுத்திக் கூப்பிடுவார்கள்.) கோடையும் தென்மேற்குக் காற்றும் உறிஞ்சியது போக ஆவணியில் மிஞ்சுவதுதான் உங்களுக்கு நிச்சயமான தண்ணீர்.

தண்ணீரின் மின்கடத்துத்திறன் காட்டும் கைமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்; உப்பு கூடக் கூட அந்த எண் ஏறும். டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) எண்ணை நம்ப வேண்டாம், மின்கடத்துத்திறனை எதால் பெருக்கி அதைக் காட்டுகிறது என்பது மீட்டருக்கு மீட்டர் மாறும். மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமென்ஸுக்குக் (dS/m) கீழே என்றால் எதையும் வளர்க்கலாம். 0.7 முதல் 3 வரை பயிரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 3-ஐத் தாண்டினால் தென்னை ஓரளவு தாங்கும், காய்கறியை மறந்துவிட வேண்டியதுதான். ஒருமுறை அளந்தால் போதாது. மோட்டார் போட்ட உடனே, ஒரு மணி நேரம் கழித்து, மூன்று மணி நேரம் கழித்து என மூன்று முறை அளந்து எழுதுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் அடியிலுள்ள உப்புநீர் மேலே வருகிறது என்று பொருள். அந்த நிலம் வேண்டாம்.

அடுத்து ஊறல், அதாவது இறைத்த கிணறு மறுபடி நிரம்பும் வேகம். உள்விட்டம் மூன்று அடியுள்ள உறைகிணற்றில் ஒரு அடித் தண்ணீர் என்பது 200 லிட்டர். நான்கு அடி இறைத்துவிட்டு, ஒரு அடி ஊற எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். மணல் நிலத்தில் சொட்டுநீர் பாய்ச்சினாலும் வளர்ந்த தென்னைக்குக் கோடையில் நாளொன்றுக்கு 60 முதல் 80 லிட்டர் வேண்டும். ஐம்பது மரத்துக்கு 3,000 முதல் 4,000 லிட்டர். வீடு, ஆடு, காய்கறி எல்லாம் இதற்கு மேல்தான். இரண்டு ஏக்கரில் 140 மரம் வைக்கலாம் என்று சொல்பவர் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்.

நிலத்தில் மூன்று இடத்தில் மூன்றடிக் குழி தோண்டுங்கள். மேலே மணல் இருந்து அடியில் இறுகிய களி தட்டினால் கார்த்திகையில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். உமரி (உவர் நிலத்தில் வளரும் செடி) முளைத்திருந்தாலோ, தரையில் வெள்ளை பூத்திருந்தாலோ உவர் என்று வைத்துக்கொள்ளலாம். சீமைக் கருவேலம் பச்சையாக நிற்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது, அது நல்ல நிலத்திலும் உவரிலும் ஒரே மாதிரி வளரும். அதை வெட்டினால் மட்டும் போதாது. அடித்தூரோடு பெயர்க்காவிட்டால் மறுபடி தழைக்கும். அந்தச் செலவையும் நில விலையோடு சேர்த்துப் பேசுங்கள். குழி மண்ணை ராமநாதபுரத்திலுள்ள கடலோர உவர் ஆராய்ச்சி மையத்தில் காட்டி யோசனை கேட்கலாம்.

கேள்வி: கிணறு சரியில்லை என்றால் 300 அடிக்கு போர் போட்டுக்கொள்ளலாம் என்கிறாரே தரகர்?

பதில்: கடற்கரை மணலில் மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு மீட்டர் இருந்தால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் நிற்கும் என்பது பொதுக்கணக்கு. மேல்மட்டம் அரை மீட்டர் இறங்கினாலே கீழே எல்லை 20 மீட்டர் ஏறிவிடும். ஆழம் போகப் போக உப்பை நெருங்குகிறீர்கள். ஆழத்தில் வேறு நல்ல அடுக்கு இருக்கிறது என்றால், பக்கத்து நிலத்து போர் தண்ணீரை அளந்து காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆழமில்லாத உறைகிணறு, அரை எச்.பி. மோட்டார், விட்டு விட்டு இறைப்பது. இந்த மண்ணுக்கு அதுதான் சரி.

குடிக்க மழைநீரைச் சேமியுங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையிலிருந்து ஆண்டுக்கு 60,000 லிட்டர் வரை பிடிக்கலாம். இருவர் குடிக்க, சமைக்க 10,000 லிட்டர்த் தொட்டி போதும். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள், கூரையில் படிந்த உப்பு அதில்தான் கழுவி வரும்.

கேள்வி: இன்னொரு இடம் கடலிலிருந்து 150 மீட்டரில், விலை மலிவாக வருகிறது. பத்திரம் சுத்தமாம்.

பதில்: மலிவுக்குக் காரணம் அந்த 150 மீட்டர்தான். கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைப்படி ஊரகப் பகுதியில் உயர் அலைக்கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டும் எல்லை) 200 மீட்டருக்குள் புது வீடு கட்ட முடியாது. 2019 அறிவிக்கை மக்கள் அடர்த்தி மிகுந்த கிராமங்களுக்கு இதை 50 மீட்டராகக் குறைத்தது. உங்கள் கிராமம் எந்த வகை என்பதைக் கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் சர்வே எண்ணோடு பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பரம்பரையாகக் கடலோரம் வாழ்பவர்களுக்கான சலுகையை வெளியூர்க்காரர் எதிர்பார்க்க முடியாது.

பத்திரம் சுத்தம் என்பது தனி விஷயம். முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புல வரைபடம் நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கூட்டுப் பட்டா என்றால், வெளிநாட்டில் இருப்பவர் உட்பட எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும், அல்லது பதிவு செய்த அதிகாரப் பத்திரம் வேண்டும். பாதையைக் கட்டாயம் பாருங்கள். இன்று வண்டி போகும் தடம் பக்கத்துப் பட்டாவுக்குள் இருந்தால், நாளை அவர் வேலி போட்டதும் நீங்கள் உள்ளே மாட்டிக்கொள்வீர்கள். பாதை உரிமை கிரயப் பத்திரத்திலேயே வரட்டும்.

கேள்வி: ராமநாதபுரம் குண்டு மிளகாய் போடலாமா? புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறதே.

பதில்: 2023-ல் கிடைத்தது. ஆனால் அது உள்பகுதிக் கரிசலிலும் களியிலும் மானாவாரியாக விளைவது. கடற்கரை மணலில் ஈரம் நிற்காது, உப்புத் தண்ணீரை மிளகாய் தாங்காது. வீட்டுக்கு நாலு செடி தொட்டியில் வைத்து மழைநீர் ஊற்றலாம்.