விமர்சகர்கள் ஒருசேர நிராகரித்த படங்களுள் மறுபடியும் பார்க்கத் தகுந்தது என்று நீங்கள் கருதும் படம் எது?

1986இல் வெளியான 'ஷாங்காய் சர்ப்ரைஸ்' என்பதே என் பதில். மடோனாவும் அப்போது அவருடைய கணவராக இருந்த ஷான் பென்னும் இணைந்து நடித்த இந்தச் சாகசப் படம், மடோனாவுக்கு மோசமான நடிகைக்கான ராஸி விருதைப் பெற்றுத் தந்தது. ஏறக்குறைய 1.7 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு, அமெரிக்கத் திரையரங்குகளில் 23 லட்சம் டாலர் அளவுக்கே வசூலித்தது. இதை ஓர் உன்னதப் படைப்பு என்று நான் வாதிடப் போவதில்லை. ஒரு சுமாரான படத்துக்குப் படுமோசமான படத்துக்குரிய தண்டனை கிடைத்துவிட்டது என்பதும், அதன் உண்மையான குறை வேறோர் இடத்தில் இருக்கிறது என்பதுமே என் கருத்து.

கதை எளிமையானது. 1937இல் ஜப்பானியப் படை நெருங்கும் வேளையில் ஷாங்காயின் அபின் வணிகர் ஃபாரடே தம் சரக்கோடு தப்பியோட முயல்கிறார், சரக்கு மாயமாகிறது. அடுத்த ஆண்டு, குளோரியா டாட்லக் என்னும் கிறித்தவ ஊழியப் பெண், காயமுற்றவர்களின் வலியைத் தணிக்க அந்த அபின் வேண்டும் என்று தேடி வருகிறார். துணைக்கு அவருக்குக் கிடைப்பவர், இருட்டில் ஒளிரும் கழுத்துப்பட்டைகளை (டை) விற்கப் பார்த்துத் தோற்று, எப்படியாவது அமெரிக்காவுக்குக் கப்பலேறத் துடிக்கும் கிளெண்டன் வேசி. டோனி கென்ரிக் எழுதிய நாவல் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட கதை இது.

படம் முடிவதற்கு முன்பே அதன் மீதான தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். 1985 ஆகஸ்டில் திருமணம் செய்துகொண்ட அந்த இணையைப் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் ஹாங்காங், மக்காவ் படப்பிடிப்புத் தளங்கள் வரை துரத்திச் சென்றனர். நிலைமை முற்றிப் போய், தயாரிப்பாளர்களுள் ஒருவரான முன்னாள் பீட்டில்ஸ் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன், 1986 மார்ச்சில் மடோனாவை அருகில் அமர்த்திக்கொண்டு லண்டனில் செய்தியாளர்களைச் சந்திக்க வேண்டியதாயிற்று. அத்தனை சச்சரவுக்குப் பின் திரைக்கு வந்த படத்தில், மக்கள் குளோரியாவையும் வேசியையும் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. வார இதழ்களில் படித்த கணவன் மனைவியைத்தான் பார்த்திருப்பார்கள்.

நடிப்பைப் பொறுத்தவரை குற்றச்சாட்டில் பாதி நியாயம் உண்டு. மடோனாவின் வசன உச்சரிப்பு, மனப்பாடம் செய்த பாடத்தை ஒப்பிப்பதுபோல் இருக்கிறது. ஆயினும், தன் ஆசைகளைக் கழுத்துவரை பொத்தானிட்டு மூடிவைத்திருக்கும் ஊழியப் பெண்ணுக்கு அந்த விறைப்பு சில காட்சிகளில் தற்செயலாகவே பொருந்திவிடுகிறது. எனக்கு அதிகம் உறுத்துவது ஷான் பென்தான். நகைச்சுவைக்கு வேண்டிய இலகுத்தன்மை அவரிடம் துளியும் இல்லை; ஒளிரும் கழுத்துப்பட்டையை எடுத்துக்காட்டும்போதுகூட அவர் முகத்தில் ஒரு வழக்கை வாதாடும் தீவிரம் தெரிகிறது. உண்மையில் காதலித்து மணந்த இருவருக்கிடையே திரையில் ஒரு பொறிகூடப் பறக்கவில்லை என்பது விந்தைதான்.

இந்த இருவரை விட்டுக் கண்ணைச் சற்று அகற்றினால் படம் வேறாகத் தெரிகிறது. ஃபாரடேயாக வரும் பால் ஃப்ரீமன், ரிச்சர்ட் கிரிஃபித்ஸ், விக்டர் வோங் ஆகியோர் எழுத்தில் இல்லாத கனத்தைத் தங்கள் பாத்திரங்களுக்குத் தந்திருக்கிறார்கள். சிங்கப்பூர் நடிகர் லிம் கே டோங்கும் அப்படியே. எர்னஸ்ட் வின்ஸேயின் ஒளிப்பதிவு மக்காவின் பழைய தெருக்களைப் பயன்படுத்திக்கொண்ட விதம் இன்றும் ரசிக்கத்தக்கது. ஹாரிசனின் பாடல்களோ தனியாகவே பேசப்பட வேண்டியவை. படம் வீழ்ந்ததால் பாடல் தொகுப்பே வெளியிடப்படவில்லை. 'ப்ரெத் அவே ஃப்ரம் ஹெவன்', 'சம்பிளேஸ் எல்ஸ்' ஆகிய இரண்டையும் 1987இல் தம் 'கிளவுட் நைன்' தொகுப்பில் அவர் சேர்த்துக்கொண்டார். அந்தத் தொகுப்பைக் கொண்டாடியவர்களுள் எத்தனை பேருக்கு இவை எங்கிருந்து வந்தன என்று தெரிந்திருக்கும்?

இனி உண்மையான குறை. கதை நிகழும் 1938இன் ஷாங்காய், உலகில் அதற்கு முன்னும் பின்னும் இல்லாத ஒரு நகரம். 1937 ஆகஸ்டு முதல் நவம்பர் வரை நடந்த கொடும்போருக்குப் பின் சீனப் பகுதிகள் ஜப்பானியர் வசமாயின. ஆனால் வெளிநாட்டவர் நிர்வாகத்தில் இருந்த பன்னாட்டுக் குடியிருப்பின் பெரும்பகுதியும் பிரெஞ்சுப் பகுதியும் மட்டும் கைப்பற்றப்படாமல், ஆக்கிரமிப்புக்கு நடுவே தனித்தீவாக நின்றன. பன்னாட்டுக் குடியிருப்பில் இந்நிலை 1941 டிசம்பர் வரை நீடித்தது. அந்தச் சிறு நிலப்பரப்புக்குள் லட்சக்கணக்கான அகதிகள், நடன விடுதிகள், கடத்தல் கும்பல்கள், காவல் பணியில் பஞ்சாபிலிருந்து போன சீக்கியர்கள் என எல்லோரும் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். இத்தனையையும் கையில் வைத்துக்கொண்டு, படம் அதை ஓர் அழகிய திரைச்சீலையாக மட்டுமே தொங்கவிடுகிறது.

அபின் விஷயத்தில் இந்த இழப்பு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஷாங்காய் மேலை நாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டதே பிரிட்டன் சீனத்தோடு நடத்திய முதல் அபின் போரின் முடிவில் 1842இல் ஏற்பட்ட நான்கிங் உடன்படிக்கையால்தான். கிழக்கிந்தியக் கம்பெனி பீகாரில் விளைவித்த அபினைச் சீனத்தில் விற்கும் உரிமையே அந்தப் போரின் உள்நோக்கம். ஒரு சமுதாயத்தை நோயாளியாக்கிய அதே சரக்கை, வலிநீக்கும் மருந்தாகத் தேடி ஒரு மேலைநாட்டுப் பெண் அதே நகரத்தின் சந்துகளில் அலைகிறாள் என்பது எவ்வளவு வலிமையான கரு! தான் தேடுவது என்ன, அதன் வரலாறு என்ன என்று குளோரியா ஒருமுறை தயங்கி நின்றிருந்தால் இது வேறு தரத்துப் படமாகியிருக்கும். திரைக்கதையில் அபின் வெறும் புதையல் பெட்டி. தங்கமோ வைரமோ இருந்திருந்தாலும் ஒரு காட்சியும் மாறியிருக்காது.

பார்க்க விரும்புவோர் காதல் காட்சிகளைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். இரவு விடுதிப் பாடகராக ஹாரிசனே சற்று நேரம் தலைகாட்டும் காட்சியைத் தவறவிட வேண்டாம். மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம்தான்.