பிளேஸ்மென்ட் கிடைக்குமா?

கேள்வி: அக்கா, கிழக்குப் பல்கலைக்கழகத்தில பிபிஏ முடிச்சிட்டன். யூகேயில இன்டர்நேஷனல் பிஸ்னஸ் மாஸ்டர்ஸ், பிளேஸ்மென்ட்டோட, அதாவது படிப்பிட ஒரு பகுதியா கம்பெனியொண்டில வேலை செய்யிறதோட எண்டு ஏஜென்ட் சொல்றார். கம்பெனியை யூனியே எடுத்துத் தருமா?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: இல்ல தங்கச்சி, பெரும்பாலும் நீங்களேதான் அப்ளை பண்ணி இன்டர்வியூ பாஸாகி எடுக்கோணும், யூனி சிவி திருத்தித் தரும், வழி காட்டும், அவ்வளவுதான். கிடைக்காட்டி பிளேஸ்மென்ட் இல்லாத கோர்ஸுக்கு மாத்திப்போடுவாங்க. ஸ்டூடன்ட் விசாவில பிளேஸ்மென்ட், கோர்ஸிட மொத்தக் காலத்தில பாதிக்கு மேல போகேலாது, ஆனா அது மார்க்ஸ் போடுற பகுதியா இருந்தா ஃபுல்டைம் செய்யலாம், டேர்ம் நேரத்தில கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாமெண்ட கணக்கு அதுக்கில்ல. இதெல்லாம் தெரியாமப் பிள்ளைகள் போறதுதான் எனக்குக் கவலை. காணிய ஈடு வைக்க முதல், போன வருசம் எத்தின பேருக்குக் கிடைச்சதெண்டு யூனிக்கே நேரா ஈமெயில் போட்டுக் கேளுங்க. அதுக்கிடையில இங்க றால், நண்டு ஏற்றுமதி செய்யிற இடமொண்டில நிண்டு இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஒஃப் லேடிங் (கப்பல்ல சாமான் ஏத்தினதுக்குக் குடுக்கிற பத்திரம்) எல்லாம் பழகுங்க, இன்டர்வியூவில சொல்ல உங்களுக்கெண்டு அனுபவம் இருக்கும்.