கஞ்சா என்ற பெயரைக் கேட்டு ஒரு நல்ல படிப்பைத் தள்ளிவிடாதீர்கள்

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. பள்ளிப் படிப்பை முடித்த மகள், உள்ளரங்கச் சாகுபடித் தொழில்நுட்பம் படிக்க வேண்டும் என்கிறாள். கனடாவில் உரிமம் பெற்ற கஞ்சா வளர்ப்புக் கூடங்கள் எப்படி இயங்குகின்றன என்று பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறாள். அதைப் பார்த்த பெரியப்பா, "பொம்பளப் புள்ள கஞ்சா வளக்கவா படிக்கணும்? பேசாம கம்ப்யூட்டர் சயின்ஸ்ல சேத்து விடு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். சட்டத்தை நினைத்து நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதற்கு வருகிறேன். பெரியப்பாவின் தீர்ப்பை மட்டும் என்னால் ஏற்க முடியாது. நிரல் எழுதுவதில் துளி ஆசையும் இல்லாத பிள்ளையை, சொந்தக்காரர் பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள் என்பதற்காக அதில் தள்ளினால், ஆசையோடு வந்தவர்களோடுதான் அவள் கடைசிவரை மல்லுக்கட்ட வேண்டும். நான்கு வருடக் கட்டணமும் உங்கள் தலையில்தான்.

முதலில் அவள் படிக்க விரும்புவது என்ன என்று பாருங்கள். இந்தத் துறையில் செடியைவிட அறையைத்தான் அதிகம் படிக்க வேண்டும்: ஒளி, காற்று, நீர், வெப்பம், அளவீடு.

விளக்கு எரியும்போது அறை 25 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். விளக்கு அணைந்து அறை 20 டிகிரிக்கு இறங்கினால், காற்றில் ஒரு சொட்டு நீர் கூடாமலேயே ஈரப்பதம் 81 சதவீதத்தைத் தொட்டுவிடும். குளிர்ந்த காற்றுக்கு நீராவியைத் தாங்கும் திறன் குறைவு, அவ்வளவுதான். இந்தக் காற்றில் 16 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோத்து நிற்கும். இதைவிட மோசமான ஒன்றும் சேர்ந்தே நடக்கிறது. அறை குளிர்ந்துவிட்டதால் ஏசி நின்றுவிடுகிறது, ஏசி நின்றதால் அது செய்துவந்த ஈரம் இழுக்கும் வேலையும் நின்றுவிடுகிறது. செடியோ இருட்டிலும் கொஞ்சம் நீராவியை விட்டுக்கொண்டே இருக்கும். அடர்ந்த பூங்கொத்துக்குள் காற்று புகாத இடத்தில் சாம்பல் பூஞ்சை பிடிப்பது இப்படித்தான். வெளியே தெரியும்போது உள்ளே அழுகியிருக்கும். இதைத் தடுக்க மருந்து தெளிப்பதைவிட, விளக்கு அணைவதற்கு முன்பே ஈரநீக்கியை முடுக்கிவிட்டு, வெப்பநிலையைப் படிப்படியாக இறக்கும்படி கட்டுப்பாட்டுக் கணினியை அமைப்பதுதான் சரியான வழி. அதை அமைக்கத் தெரிந்தவருக்குத்தான் சம்பளம்.

கணக்கும் பாருங்கள். 100 சதுர மீட்டர் பூக்கும் அறையில், செடி மட்டத்தில் சதுர மீட்டருக்கு நொடிக்கு 800 மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அளவு) ஒளி வேண்டும். ஒரு ஜூல் மின்சாரத்துக்கு 2.8 மைக்ரோமோல் தரும் எல்இடி போட்டால், இழப்பைச் சேர்க்காமலே 29 கிலோவாட் வரும். 12 மணி நேரத்துக்குச் சுமார் 345 யூனிட். செடிகள் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் நீர் உறிஞ்சினால், மொத்தம் 400 லிட்டர். அதில் ஏறக்குறைய முழுவதும் இலை வழியாக நீராவியாகக் காற்றுக்கே திரும்பும். ஒரு லிட்டரை ஆவியாக்க ஏறத்தாழ 0.68 யூனிட் வெப்பம் போகிறது, 400 லிட்டருக்கு 270 யூனிட்டுக்கு மேல். விளக்கு தரும் வெப்பத்தில் பெரும்பங்கு இப்படி ஈரமாக மாறிவிடுகிறது. அலுவலகத்துக்குப் போடும் ஏசியை விளக்கின் வாட்டை மட்டும் பார்த்து வாங்கி மாட்டினால், அறை குளிரும், ஆனால் ஈரம் போதிய அளவு போகாது. புதிய கூடங்கள் முதல் அறுவடையிலேயே அடிவாங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நீர்ப் பக்கத்திலும் இதே கவனம் வேண்டும். கால்சியம் நைட்ரேட்டை ஒரு தொட்டியிலும், சல்பேட், பாஸ்பேட் உப்புகளை வேறொரு தொட்டியிலும் கரைப்பார்கள். செறிந்த கரைசலில் இரண்டும் சேர்ந்தால் கால்சியம் படிவாக இறங்கி, சொட்டுநீர்க் குழாயின் வாயை அடைத்துவிடும். நீரில் கரைந்த உப்பின் அளவை மின்கடத்தலால் காட்டும் இசி மீட்டரை 1.413 (மில்லிசீமென்ஸ்/செ.மீ.) அளவுகொண்ட கரைசலிலும், அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் மீட்டரை 4.01, 7.00 கரைசல்களிலும் தவறாமல் சரிபார்க்க வேண்டும். வெப்ப, ஈரப்பத உணரியை வசதிக்காகக் கதவோரச் சுவரில் மாட்டிவிட்டால், கதவோரத்துக் காற்றைத்தான் அது சொல்லும். செடியின் உச்சி மட்டத்தில், ஒளி நேரடியாகப் படாத, சிறு விசிறி வைத்த பெட்டிக்குள் தொங்க வேண்டும். கரியமில வாயுவை 1000 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 1000 பங்கு) அளவுக்கு ஏற்றும் அறைகளில் அதற்கென்று தனி அலாரமும், தானாக மூடும் வால்வும் கட்டாயம். எட்டு மணி நேர வேலைக்கு 5000 பிபிஎம் என்பது பல நாடுகள் வைத்திருக்கும் வரம்பு. வாசனை இல்லாத வாயு, கசிந்தால் மூக்குக்குத் தெரியாது.

ஒரு நாளுக்கு 12 மணி நேரம் தடையில்லாத இருட்டு கொடுத்துப் பூக்க வைப்பது கஞ்சாவுக்கு மட்டும் உரிய முறையன்று, சாமந்தி வளர்ப்பவர்களும் அதே ஒளிக்கணக்கைத்தான் போடுகிறார்கள். நான் மேலே எழுதிய ஒவ்வொன்றும் தக்காளிக்கும், கீரைக்கும், திசு வளர்ப்புக் கூடத்துக்கும் பொருந்தும். இத்தனை நுணுக்கத்தை ஏன் எழுதினேன் என்றால், உங்கள் மகளின் குறிப்பேட்டில் இருப்பது போதைப் பொருள் மோகமா, பொறியியல் ஆர்வமா என்று நீங்களே படித்துப் பார்த்துச் சொல்ல முடியும் என்பதற்காகத்தான்.

இப்போது சட்டம். உருகுவே 2013இல் சட்டம் இயற்றியது, கனடா 2018 அக்டோபர் 17 முதல் அனுமதித்தது, ஜெர்மனி 2024 ஏப்ரல் 1இல் தளர்த்தியது. இப்படி அனுமதித்த நாடுகளிலும் வணிகத்துக்கு வளர்க்க உரிமம் வேண்டும், பொறுப்பான பதவிகளுக்குப் பின்னணிச் சோதனை உண்டு. அனுமதி இல்லாத நாட்டில் ஒரு செடி வளர்த்தாலும் குற்றம்தான். "ஆராய்ச்சிக்காக" என்ற பேச்சே வீட்டில் எழக்கூடாது. அமெரிக்காவில் இன்னொரு சிக்கல்: மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டம் அனுமதிக்கவில்லை. அத்தொழிலில் வேலை பார்ப்பதே குடியுரிமை விண்ணப்பத்துக்குத் தடையாகலாம் என்று அந்நாட்டுக் குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் எழுத்திலேயே சொல்லிவிட்டது. வெளிநாட்டவரான உங்கள் மகள் அங்கே போனால் கீரை, தக்காளிப் பக்கம் மட்டுமே நிற்கட்டும்.

தொழிலின் ஏற்ற இறக்கத்தையும் மறைக்க மாட்டேன். உள்ளரங்கில் அடுக்கடுக்கான தட்டுகளில் கீரை வளர்த்த அமெரிக்க நிறுவனம் ஏரோஃபார்ம்ஸ் 2023 ஜூனிலும், பெரிய கண்ணாடிக் கூடங்களில் தக்காளி வளர்த்த ஆப்ஹார்வெஸ்ட் அடுத்த மாதமும் திவால் பாதுகாப்பு கேட்டன. கட்டுமானக் கடனும் மின்கட்டணமும் விளைச்சலின் வருமானத்தை விழுங்கிவிடும் தொழில் இது. அதனால்தான் ஒரு பயிரின் பெயரைத் தாங்கிய பட்டம் வேண்டாம் என்கிறேன். இளநிலையில் வேளாண் பொறியியல், அல்லது குளிரூட்டலும் கருவியியலும் கற்றுத்தரும் இயந்திரவியல். கூடவே தாவர உடலியல் ஒரு பாடமாவது இருக்கட்டும். முதுநிலைக்கு நெதர்லாந்தின் வாகனிங்கன், கனடாவின் குவெல்ஃப், அரிசோனா பல்கலைக்கழகத்தின் கட்டுப்பட்ட சூழல் வேளாண்மை மையம் ஆகியவற்றைப் பார்க்கலாம். மருத்துவக் கஞ்சாக் கூடத்தில் தொகுதிவாரியாகப் பதிவேடு எழுதிப் பழகியவரை மருந்துத் தொழிற்சாலையும் வரவேற்கும். கண்ணாடிக் கூடம் மூடினாலும் குளிர்பதனக் கிடங்கில் வேலை உண்டு.

அவளுக்கு இது உண்மையான விருப்பமா என்று பார்க்க ஒரு வழி. 60க்கு 120 சென்டிமீட்டர் அலமாரித் தட்டு, 100 வாட் எல்இடி, 20 லிட்டர் தொட்டி, ஒரு காற்று பம்பு, லெட்டூஸ் கீரை விதை. விளக்கு நாளுக்கு 16 மணி நேரம் எரியட்டும். தொட்டி நீரின் பிஎச் 5.8 அருகில், இசி 1.2 முதல் 1.6 வரை இருக்கட்டும். வெப்பம், ஈரப்பதம், இசி, பிஎச் நான்கையும் காலையும் மாலையும் எழுத வேண்டும். ஐந்து வாரம். செடி செழிக்கிறதா என்பதைவிட ஏடு நிரம்புகிறதா என்று பாருங்கள். இலை நுனி கருகினால், உரத்தைக் கூட்டாமல், காற்றோட்டம் போதாமல் கால்சியம் இளம் இலைக்கு ஏறவில்லையோ என்று யோசிக்கிற பிள்ளைக்கு இந்தத் துறை சரிவரும். இரண்டாம் வாரமே ஏடு காலியாகக் கிடந்தால், திட்டாதீர்கள். வேறு துறை பேசலாம். அப்போதும் முடிவு அவளுடையது, பெரியப்பாவுடையதல்ல.

பணத்தில் நான் கறார். "கஞ்சா வளர்ப்பு நிபுணர்" என்று சான்றிதழ் விற்கும் தனியார் இணையவழிப் படிப்புக்கு ஒரு காசு கட்டாதீர்கள். அது உரிமமும் ஆகாது, பட்டத்துக்கு ஈடும் ஆகாது. வெளிநாட்டு முதுநிலைக்கு வீட்டை அடமானம் வைக்க வேண்டாம். இளநிலை முடித்து இரண்டு வருடம் குளிரூட்டல் அல்லது பாசனக் கருவி நிறுவனத்தில் வேலை பார்த்து, உதவித்தொகையோடு போகட்டும். எந்தக் கல்லூரியில் சேர்ப்பதாக இருந்தாலும் முன்பணம் கட்டும் முன், அவர்களுடைய வளர்ப்பு அறையின் சென்ற மாதப் பதிவுகளைக் காட்டச் சொல்லுங்கள். விளக்கு அணைந்த பிறகு ஈரப்பதம் எவ்வளவு ஏறியது என்று உங்கள் மகளே அதில் தேடிப் பார்க்கட்டும். பதிவேடு இல்லை என்று சொன்னால் காசோலையை எடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.