டே கேருக்கு அனுப்புகிறவர்கள் கேட்டவை

அம்மாவுக்கு 74 வயது, டிமென்ஷியா ஆரம்ப நிலை. பகல்நேர மையத்தில் சிஎஸ்டி என்று, குழுவாக உட்காரவைத்துப் பேச்சும் விளையாட்டுமாக மூளைக்கு வேலை கொடுக்கிற பயிற்சி தருகிறார்களாம். மறதி குணமாகுமா?

ஆகாது. இங்கிலாந்தில் உருவான முறை அது. வாரம் இரண்டு, மொத்தம் 14 அமர்வு, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். சென்னையில் ஸ்கார்ஃப் என்கிற மனநல அமைப்பினர் நம்மூருக்குத் தகுந்தபடி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆரம்ப, நடுத்தர நிலையில் ஞாபகமும் பேச்சும் ஓரளவு தெம்பாகும், அவ்வளவுதான். 14 முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். கண்ணாடி, காது மெஷின் மாட்டி அனுப்புங்கள்.

அப்பாவிடம் தினமும் தேதி, பேரன் பெயர், 100-லிருந்து ஏழேழாகக் கழித்தல் எல்லாம் கேட்டுப் பயிற்சி தருகிறேன். மையத்தில் இதெல்லாம் கேட்பதே இல்லையே, பணம் எதற்கு?

கேட்காமல் இருப்பதற்குத்தான் பணம்! இதை எத்தனை தடவை எழுதிவிட்டேன். ஏழேழாகக் கழிப்பது டாக்டர் நோயை அளக்கிற சோதனை. தெர்மாமீட்டரை வாயிலேயே வைத்திருந்தால் ஜுரம் இறங்குமா? நான் பார்த்த ஒரு பெரியவர், அதுவும் கணக்கு வாத்தியார், மகன் இப்படிக் கேட்டுக் கேட்டு, கடைசியில் மகன் செருப்புச் சத்தம் கேட்டாலே தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். நல்ல மையத்தில் தேதியைப் போர்டில் எழுதிவிடுவார்கள், அவரிடம் கேட்கமாட்டார்கள். 'இந்தப் படத்தில் யார்?' என்றால் அது பரீட்சை, தெரியவில்லை என்றால் அவமானம். 'எம்.ஜி.ஆரா சிவாஜியா, உங்களுக்கு யாரைப் பிடிக்கும்?' என்றால் தப்பான பதிலே கிடையாது, பக்கத்தில் இருப்பவரும் சண்டைக்கு வருவார், பேச்சு தானாக ஓடும். அப்புறம், எல்கேஜி கலரிங் புத்தகத்தைக் கொடுத்து உட்காரவைக்கிற இடமாக இருந்தால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மாமியார் மையத்தில் வாயே திறப்பதில்லை.

காது கேட்கிறதா? அதை எழுதவே இல்லையே. முதலில் காதுக்குள் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், கண்ணாடி, காது மெஷின், திரும்பவும் சொல்கிறேன். கேட்கிறது என்றால், பல்லாங்குழியோ பூக்கட்டுவதோ, கைக்குப் பழகிய வேலையாகக் கொடுக்கச் சொல்லுங்கள். பேசாவிட்டால் பரவாயில்லை.

மையத்துக்குப் போகிற வேனில் அப்பா ரகளை செய்கிறார். பாதி தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பலாமா?

கூடாது. விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வார். டாக்டரைக் கேளுங்கள், முடிந்தால் முதல் வாரம் நீங்களே கூடப் போங்கள்.

எந்த மையம் நல்லது?

எந்த ஊர் என்று எழுதினால்தானே சொல்ல முடியும்?