கொரோனாவுக்கு மாத்திரை வர ஏன் இவ்வளவு காலம்? கேள்வி பதில்

வைரஸ் மருந்துகளுக்கான வேதியியலில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். ஹைதராபாத்தில் ஒரு ஆய்வகம். மூலக்கூறுகளைச் செய்து கொடுப்பது என் வேலை. அதை வைரஸ் மேல் போட்டுப் பார்ப்பது பக்கத்துப் பிரிவின் வேலை. கொரோனா மருந்துகளைப் பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன், நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. எதைச் சாப்பிடலாம், எதை நிறுத்தலாம் என்பதை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

மாரிமுத்து, சிவகாசி: பாக்டீரியாவுக்கு எத்தனையோ ஆன்டிபயாடிக் இருக்கிறது மேடம். வைரஸுக்கு மட்டும் ஏன் இத்தனை கஷ்டம்?

பாக்டீரியா தனிக்குடித்தனம். அதற்கென்று சுவர் உண்டு, நம்மிடம் இல்லாத உறுப்புகள் உண்டு. அவற்றைப் பார்த்து அடிக்கலாம். வைரஸ் நம் செல்லுக்குள் புகுந்து நம் அடுப்பிலேயே சமைக்கிறது. அடுப்பை உடைத்தால் நமக்கும் சோறு கிடையாது. அதனால் அது கையோடு கொண்டுவந்த சாமான் எது என்று தேட வேண்டும். கொரோனாவிடம் அப்படி முக்கியமானவை இரண்டு: தன் மரபுச்சரத்தை நகலெடுக்கும் நொதி ஒன்று, புரதத்தை நறுக்கும் நொதி ஒன்று. இன்று கையில் இருக்கும் முக்கியமான மருந்துகள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் குறிவைக்கின்றன.

நகலெடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கொரோனாவின் மரபுச்சரம் சுமார் 30,000 எழுத்து நீளம். இவ்வளவு நீளத்தைத் தப்பில்லாமல் எழுத, பிழை திருத்தும் நொதியையும் அது கூடவே வைத்திருக்கிறது. நாம் ஒரு போலி எழுத்தைச் சொருகினால் அதைப் பிடுங்கிப் போட்டுவிடும். ரிபாவிரின் போன்ற பழைய மருந்துகள் இதனிடம் எடுபடாமல் போனதற்கு அது ஒரு காரணம்.

நிவேதா, கோவை: ஃபைசரின் கொரோனா மாத்திரை பாக்ஸ்லோவிட் ஒன்றரை வருடத்தில் வந்துவிட்டது என்கிறார்கள். அவ்வளவு வேகமாகச் செய்த மருந்தை நம்பலாமா?

அது ஒன்றரை வருடக் கதை இல்லை நிவேதா. கதை 2003-ல் தொடங்குகிறது.

வைரஸ் தன் புரதங்களை ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. நீளமான ஒரே சரமாகச் செய்துவிட்டு, பிறகு நறுக்கிக்கொள்கிறது. அந்தக் கத்தரிக்கோலுக்கு 'முதன்மை புரோட்டியேஸ்' என்று பெயர். சரத்தில் 11 இடங்களில் வெட்டும், குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தை அடுத்து. நம் உடம்பில் இந்த மாதிரி வெட்டும் நொதி இருப்பதாகத் தெரியவில்லை. இதைவிட நல்ல இலக்கு அமைவது அபூர்வம்.

கொரோனாவின் உறவுக்கார வைரஸால் வந்த சார்ஸ் நோய் 2002-03-ல் பரவியபோதே ஃபைசரின் வேதியியலாளர்கள் இந்தக் கத்தரிக்கோலில் சிக்கிக்கொள்ளும் ஒரு மூலக்கூறைச் செய்துவிட்டார்கள். 2003 ஜூலையில் சார்ஸ் அடங்கியது. சுமார் 8,000 பேருக்கு வந்து 774 பேரைக் கொண்டுபோன நோய் அது. நோயாளி இல்லை என்றால் சோதனை இல்லை, வாங்க ஆளும் இல்லை. மூலக்கூறு கிடப்பில் போனது.

2020-ல் அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். இரண்டு வைரஸின் கத்தரிக்கோலும் 96 சதவீதம் ஒன்றேதான். ஆனால் பழைய மூலக்கூறு குடலில் சரியாக உறிஞ்சப்படாது, நரம்பு வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மாத்திரையாக்க அதன் உருவத்தையே மாற்றினார்கள். பாக்ஸ்லோவிட்டில் வைரஸை அடிக்கும், இன்று நிர்மட்ரெல்விர் எனப்படும் மூலக்கூறை 2020 ஜூலையில் முதலில் செய்தபோது கிடைத்தது 7 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பில் மிகச் சிறு பங்கு. என் வேலையில் 7 மில்லிகிராம் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தும்மக்கூடப் பயப்படுவேன். அதிலிருந்து 2021 டிசம்பர் 22-க்குள் அமெரிக்காவில் அவசர அனுமதி.

நம்பலாமா என்றால், தடுப்பூசி போடாத, ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் அறிகுறி தொடங்கி மூன்று நாளுக்குள் கொடுத்தபோது, மருத்துவமனையில் சேருவதும் இறப்பதும் 89 சதவீதம் குறைந்தது. ஆபத்து குறைந்தவர்களிடம் அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. எனக்கு ஆற்றாமை வேறு இடத்தில். 2004-லேயே அந்தப் பழைய மூலக்கூறைத் தொடர்ந்து செதுக்கி, முதல்கட்ட மனிதச் சோதனை வரைக்குமாவது கொண்டுபோய் வைத்திருந்தால்? அந்தப் பதினேழு வருடத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

பெயர் வேண்டாம், மதுரை: 2021 மே மாதம் அப்பாவுக்காக ரெம்டெசிவிர் தேடி மூன்று நாள் அலைந்தோம். கிடைத்தது. அப்பா இல்லை. அது உண்மையிலேயே வேலை செய்யும் மருந்துதானா அக்கா?

உங்கள் கேள்வியை நேற்று இரவே படித்தேன். நிதானமாக எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன்.

மருந்து உண்மையானது. மரபுச்சரத்தின் ஓர் எழுத்தைப் போலவே இருக்கும். வைரஸ் ஏமாந்து அதைச் சேர்த்துக்கொள்ளும். உடனே நிற்காது, மூன்று எழுத்து தள்ளிப் போய்த்தான் நகலெடுப்பு திணறும். அதனால் பிழை திருத்தும் நொதியின் கண்ணிலும் எளிதில் படாது.

ஆனால் எப்போது கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வைரஸ் பெருகுவது பெரும்பாலும் முதல் சில நாட்களில். மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, பலருக்கு உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியே நுரையீரலைத் தாக்கிக்கொண்டிருக்கும். அப்போது வைரஸை நிறுத்தினாலும் தீ அணையாது. ஆபத்து அதிகமுள்ள வெளிநோயாளிகளுக்கு ஆரம்பத்திலேயே மூன்று நாள் ஏற்றிய ஆய்வில் ஆஸ்பத்திரி சேர்க்கை 87 சதவீதம் குறைந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தவர்களிடம் ஓர் ஆய்வில் குணமாகும் நாள் 15-லிருந்து 10 ஆனது. உலக சுகாதார நிறுவனத்தின் பெரிய ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. அந்தக் கட்டத்தில் உயிர் காத்தது டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது.

மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்து வாங்கி வா என்றால் எந்தப் பிள்ளையும் அலையத்தான் செய்யும். நீங்கள் தாமதமாகப் போனதால்தான் இப்படி ஆனது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் நாட்களில் வீட்டிலேயே விழுங்க, பலன் நிரூபிக்கப்பட்ட ஒரு மாத்திரை அந்த மே மாதம் உங்கள் கைக்கு எட்டும் நிலையில் இல்லை. உங்கள் மேல் குற்றமே இல்லை.

அப்துல் காதர், நாகூர்: மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆய்வகத்தில் வைரஸைத் தடுத்ததே, மனிதனிடம் ஏன் தோற்றது?

நல்ல கேள்வி. எங்கள் சோதனைத் தட்டு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, அதில் வரிசையாகக் குழிகள், அடியில் ஒட்டி வளர்ந்த செல்கள். வைரஸை விட்டு, மருந்தை விட்டு, சில நாள் கழித்து எல்லாவற்றையும் செயலிழக்கச் செய்து கத்தரிப்பூ நிறச் சாயம் ஊற்றுவார்கள். உயிரோடிருந்த செல் சாயம் பிடிக்கும். வைரஸ் தின்ற இடம் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். பொட்டே இல்லாத குழியைப் பார்த்தால் மனம் துள்ளும். நானும் துள்ளியிருக்கிறேன்.

அந்தச் செல் எது என்பதுதான் விஷயம். பெரும்பாலும் வீரோ செல், ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்தது. அதற்குள் வைரஸ் புளிப்பான ஒரு பை வழியாக நுழைகிறது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் அந்தப் புளிப்பைக் குறைக்கும், வைரஸ் மாட்டிக்கொள்ளும். மனித நுரையீரல் செல்லின் மேற்பரப்பிலோ வேறொரு நொதி வாசலைத் திறந்துவிடுகிறது. பின்வாசலைப் பூட்டி என்ன பயன்? நுரையீரல் செல்லில் சோதித்தபோது அந்த மருந்து வைரஸைத் தடுக்கவில்லை. 2020 ஜூனில் பிரிட்டனின் ரிகவரி ஆய்வும் பலன் இல்லை என்று சொல்லிவிட்டது.

ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து கொரோனாவுக்கு உதவுமா என்று கேட்ட மூவருக்கும்: தட்டில் வைரஸைத் தடுத்த அளவு, வழக்கமான டோஸில் ரத்தத்தில் எட்டும் அளவைவிட மிக மிக அதிகம்.

கலைவாணி, தஞ்சாவூர்: கபசுரக் குடிநீரில் உள்ள பொருள்கள் வைரஸ் புரதத்தில் ஒட்டுகின்றன என்று ஆய்வுக் கட்டுரைகள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. அவற்றில் பல கணினிப் பொருத்தம். பூட்டின் படத்தில் சாவியின் படத்தை வைத்துப் பார்ப்பது மாதிரி. தொடக்கத்துக்கு அது உதவும், நானும் தினமும் செய்கிறேன். கணினியில் அழகாக ஒட்டிய என் மூலக்கூறுகளில் பெரும்பாலானவை தட்டில் ஒன்றும் செய்ததில்லை. சித்த மருந்தை மதிக்கிறோம் என்றால் அதையும் அதே கடுமையோடு மனிதர்களிடம் சோதிக்க வேண்டும்.

ஜோசப், நாகர்கோவில்: மோல்னுபிராவிர் என்ற கொரோனா மாத்திரை நம் மரபணுவையே மாற்றிவிடும் என்றார்கள். உண்மையா?

வைரஸின் மரபுச்சரத்தில் பிழைகளைக் குவித்து அதை அழிப்பதுதான் அதன் வேலையே. நம் டி.என்.ஏவையும் தொடுமோ என்ற கவலை இருந்தது. விலங்குச் சோதனைகளில் கருவுக்குத் தீங்கு தெரிந்ததால் கர்ப்பிணிகளுக்குத் தரக்கூடாது என்றார்கள். 2022 ஜனவரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்) அதைத் தேசிய சிகிச்சை வழிகாட்டியில் சேர்க்கவில்லை. எனக்குச் சரியாகப் பட்ட முடிவு. பின்னால் பிரிட்டனில் 25,000-க்கும் மேற்பட்டவர்களிடம், பெரும்பாலும் தடுப்பூசி போட்டவர்கள், நடத்திய ஆய்வில் சில நாள் முன்னதாகக் குணமானார்கள், ஆஸ்பத்திரி சேர்க்கை குறையவில்லை.

சுமதி, சேலம்: பாக்ஸ்லோவிட்டில் எச்.ஐ.வி மருந்து இருக்கிறதாமே?

ரிட்டோனாவிர். அது இங்கே வைரஸை அடிக்க வரவில்லை. நம் கல்லீரலில் உள்ள ஒரு நொதி நிர்மட்ரெல்விரைச் சீக்கிரம் சிதைத்துவிடும், அந்த நொதியை ரிட்டோனாவிர் பிடித்துவைக்கும். கூடவே மற்ற மருந்துகளின் அளவும் ரத்தத்தில் ஏறும். கொழுப்பைக் குறைக்க சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு நேர்மாறு: அது ரத்தத்தில் பாக்ஸ்லோவிட்டின் அளவையே குறைத்துவிடும், இரண்டும் சேரவே கூடாது. நம் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. இதே கத்தரிக்கோலைத் தடுக்கும் ஜப்பானின் என்சிட்ரெல்விர் மாத்திரைக்கு ரிட்டோனாவிர் துணை தேவையில்லை, ஆனாலும் சேரக்கூடாத மருந்துகள் அதற்கும் உண்டு.

ஹரிணி, பி.எஸ்சி வேதியியல் இரண்டாம் வருடம், திருச்சி: இந்த வேலைக்கு வர இப்போதே என்ன செய்யலாம் அக்கா?

கரிம வேதியியலை மனப்பாடம் செய்யாமல் படி. அப்புறம் இன்று ராத்திரியே ஒன்று செய்: புரதத் தரவு வங்கி என்று இணையத்தில் இலவசமாக இருக்கிறது. அதில் ஆறு, எல், யூ, ஏழு என்று சேர்த்துத் தட்டு. ஷாங்காயில் கண்டுபிடித்து 2020 பிப்ரவரி தொடக்கத்தில் உலகத்துக்கே திறந்துவிட்ட அந்தக் கத்தரிக்கோலின் வடிவம் வரும். சுழற்றிப் பார். 145-ஆம் இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கும், அதன் கந்தகத்தில் ஒரு மூலக்கூறு மாட்டிக்கொண்டிருக்கும். அது எப்படி மாட்டியது, எந்தப் பிணைப்பு என்று உன் பாடப்புத்தகத்தை வைத்து எழுதி எனக்கு அனுப்பு.