நிறுத்தி வைத்த பைக் சாய்ந்து விழுந்து கீறல் விழுந்துவிட்டது. என்ன செய்யலாம்?

வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் பெயின்ட்டைப் பிறகு பார்க்கலாம். முதலில் பிரேக், கிளட்ச் லீவர்கள் வளைந்திருக்கின்றனவா, ஹேண்டில்பார் நேராக இருக்கிறதா, தடையில்லாமல் திரும்புகிறதா, பெட்ரோலோ ஆயிலோ கசிகிறதா என்று பாருங்கள். வளைந்த அலுமினிய லீவரை நிமிர்த்திப் பயன்படுத்த வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து, அழுத்திப் பிடிக்கும் நேரத்தில் உடையலாம். மாற்றிவிடுங்கள்.

சரி, கீறலுக்கு வருவோம். கழுவித் துடைத்துவிட்டு நகத்தால் குறுக்கே வருடிப் பாருங்கள். நகம் சிக்கவில்லை என்றால் பெரும்பாலும் மேல்பூச்சில் மட்டும்தான் கீறல்; ரப்பிங் காம்பவுண்ட் (பெயின்ட்டைத் தேய்த்து மெருகேற்றும் பசை) போட்டு மெதுவாகத் தேய்த்தால் மங்கிவிடும். பளபளப்பில்லாத மேட் பெயின்ட்டில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், தேய்த்த இடம் பளபளத்துத் தனியாகத் தெரியும். நகம் சிக்கினால், கீறிய இடத்தில் மட்டும் பூசும் டச்-அப் பெயின்ட் தேவை. டேங்கில் இரும்பு வெளியே தெரிந்தால் தள்ளிப்போடவே கூடாது, துரு பிடித்துச் சுற்றியுள்ள பெயின்ட்டையும் கிளப்பிவிடும். பெயின்ட் உடையாத நெளிவை, மறுபெயின்ட் இல்லாமலே நிமிர்த்தும் ஆட்கள் இருக்கிறார்கள்.

சைலன்சர், எஞ்சின் கவர் மேல் உள்ள லேசான கீறல்களை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ஓட்டுவதற்கு அவற்றால் எந்தக் குறையும் இல்லை.