வாசகர் கேள்வி: கெரிஸ் எந்த ஊருடையது?

கேள்வி: ஜாவாத் தீவின் ‘கெரிஸ்’ குறுவாள்களில் யோக்யகர்த்தா பாணி, சுராகர்த்தா பாணி என்று பிரிக்கிறார்களே, எதை வைத்து இனங்காண்பது? (வாசகர், கும்பகோணம்)

பதில்: முதலில் அலகைப் பார்க்காமல் உறையைப் பாருங்கள். 1755ஆம் ஆண்டு கியாந்தி உடன்படிக்கையால் ஜாவாவின் மாத்தாராம் அரசு யோக்யகர்த்தா, சுராகர்த்தா என இரண்டாகப் பிரிந்த பின்னர், இரு அரண்மனைகளும் உடையிலும் ஆயுதத்திலும் தத்தமக்கெனத் தனி மரபை வளர்த்துக்கொண்டன. உறையின் மேற்பகுதியில் அமையும், சடங்குகளுக்குரிய, படகுபோல் நீண்டு வளைந்த மர முகப்பு சுராகர்த்தாவில் ‘லட்ராங்’ எனவும், யோக்யகர்த்தாவில் ‘பிரங்கா’ எனவும் வழங்கும். பின்னது சற்றே அடக்கமான வடிவம். முனைகள் உருண்ட ‘கயமான்’ முகப்பு அன்றாட அணிதலுக்கு உரியது. மர உறையின் தண்டைப் பொதியும் உலோகக் கூட்டுக்குப் ‘பெண்டோக்’ என்றும், கைப்பிடிக்கும் அலகுக்கும் இடையிலுள்ள சிறு வளையத்துக்கு ‘மெண்டாக்’ என்றும் பெயர்.

ஆனால் இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அலகு தலைமுறைகளைக் கடந்து நிற்க, உறையும் பிடியும் உடையைப் போல மாற்றப்படுவதால், பழைய அலகொன்று வேற்றூர் உறையில் இருப்பது அரிதன்று. அலகின் வளைவுகள் மரபுப்படி ஒற்றைப்படையிலேயே அமையும் என்பதோ எல்லா ஊருக்கும் பொது. ஆகவே அவற்றை எண்ணி ஊரைக் கண்டுபிடிக்க இயலாது. பாலித் தீவின் கெரிஸ் மட்டும் பொதுவாக ஜாவாவினுடையதைவிடப் பெரியதாக இருப்பதால் எளிதில் பிடிபட்டுவிடும்.